மூன்றாம் அரங்கு: நாடகத்தால் ஆவதும் ஆகாததும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாடகம் மட்டும் தனியாக நின்று சமூகத்தை மாற்றிவிடாது என்று வெளிப்படையாகச் சொன்ன வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார். மாற்றத்துக்காக நடக்கும் பெரிய இயக்கத்தில் நாடகம் ஒரு பகுதியாக இருக்க முடியும், அவ்வளவுதான் என்பது அவர் நிலை. இப்படிச் சொன்ன மனிதர்தான் மேடை, டிக்கெட், ஒப்பனை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பூங்காக்களிலும் கிராமங்களிலும் பல ஆண்டுகள் நாடகம் போட்டார். அவருடைய ‘மூன்றாம் அரங்கு’ பற்றிப் படிப்பவர்களும், அந்த முறையில் நாடகம் போட நினைக்கும் குழுக்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பாதல் சர்க்கார் யார்?

1925 ஜூலை 15 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். இயற்பெயர் சுதீந்திர சர்க்கார். சிப்பூர் பொறியியல் கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் படித்தார். நகரத் திட்டமிடல் வேலையில் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நைஜீரியாவிலும் இருந்தார். தொடக்கத்தில் எழுதியவை நகைச்சுவை நாடகங்கள். 1963இல் எழுதி 1965இல் மேடையேறிய ‘ஏவம் இந்திரஜித்’ அவர் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1967இல் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கினார். 1968இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 1972இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2010இல் பத்மபூஷண் வந்தபோது மறுத்துவிட்டார். 2011 மே 13 அன்று கொல்கத்தாவில் காலமானார்.

‘ஏவம் இந்திரஜித்’ கலையின் வரம்பைப் பற்றிய நாடகம் என்கிறார்களே, எப்படி?

அதன் மையப் பாத்திரமே எழுத முடியாமல் தவிக்கும் ஓர் எழுத்தாளன்தான். நாடகம் எழுத வேண்டும், யாரைப் பற்றி எழுதுவது? உழவனைத் தெரியாது, சுரங்கத் தொழிலாளியைத் தெரியாது, பாம்பாட்டியைத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் அமல், விமல், கமல்: படித்து, வேலை தேடி, கல்யாணம் செய்துகொண்டு, பதவி உயர்வைப் பற்றிப் பேசும் நடுத்தர வர்க்கத்து ஆட்கள். அவர்களுடைய வாழ்க்கையில் நாடகமாக்க ஒன்றுமில்லை. நாலாவது ஆள் முதலில் தன் பெயர் நிர்மல் என்று பொய் சொல்கிறான். அழுத்திக் கேட்ட பிறகுதான் இந்திரஜித் என்கிறான். வரிசையில் சேர மறுக்கும் அந்த ஒருவனைப் பிடித்துக்கொண்டு எழுத்தாளன் எழுதப் பார்க்கிறான். கடைசியில் இந்திரஜித்தும் சாதாரண ஆளாகத்தான் நிற்கிறான். கோயில் இல்லை என்று தெரிந்தும் யாத்திரை போகிறவர்களைப் போல நடக்க வேண்டும் என்ற இடத்தில் நாடகம் முடிகிறது.

தனக்குத் தெரியாத மனிதர்களைப் பற்றி எழுத முடியாது என்ற இந்த நேர்மையிலிருந்துதான் மூன்றாம் அரங்கு பிறந்தது என்று படிப்பதே சரி. எழுத்து மேஜையில் முட்டிய சுவரை அவர் இடம் மாறித் தாண்டப் பார்த்தார். கிராமத்துக்குப் போனார், ஆட்களைப் பார்த்தார், அதன் பிறகு ‘போமா’ நாடகத்தை எழுதினார்.

மூன்றாம் அரங்கு என்றால் முதலும் இரண்டும் எவை?

முதலாவது, கிராமத்தின் மரபு அரங்கு. வங்கத்தில் ஜாத்ரா, நம் பக்கம் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளலாம். உயிரோட்டமான வடிவம், ஊரே கூடிப் பார்க்கும். ஆனால் அதில் சொல்லப்படும் கருத்துகள் பெரும்பாலும் பழைய ஒழுங்கைத் தாங்கிப் பிடிப்பவை என்பது அவர் விமர்சனம். இரண்டாவது, ஆங்கிலேயர் வழியாக வந்த நகரத்துப் படச்சட்ட மேடை, அதாவது முன்பக்கம் மட்டும் திறந்த மேடை. கருத்து புதிது, ஆனால் அது வாடகை மண்டபத்துக்குள், டிக்கெட் வாங்கக் கூடியவருக்கு மட்டும். இரண்டின் வலுவையும் எடுத்துக்கொண்டு இரண்டின் கட்டுகளையும் அறுப்பது மூன்றாவது. அதற்கு அவர் வைத்த அளவுகோல்கள் மூன்று: இடத்துக்கேற்ப வளைய வேண்டும், கையில் தூக்கிப் போகும்படி இருக்க வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். உள்ளே, அறையில் போடுவதை ‘அங்கன மஞ்ச’ என்றும் வெளியில் போடுவதை ‘முக்த மஞ்ச’ என்றும் பிரித்தார்கள்.

கூத்தையோ ஜாத்ராவையோ அப்படியே எடுத்து அதில் அரசியல் வசனத்தை நுழைப்பது இதுவல்ல. அடவும் பாட்டும் பல வருடப் பயிற்சி கேட்பவை. பத்து நாளில் கற்ற நகரத்து இளைஞர் அதை ஆடினால் கிராமத்தார் மரியாதைக்காகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேடையை ஏன் விட்டார்?

பணம் ஒரு காரணம், கண் இன்னொரு காரணம். மண்டப வாடகை, விளம்பரம், செட், விளக்கு என்று ஒவ்வொரு காட்சிக்கும் செலவு ஏறும்போது, அதை ஈடுகட்டும் நாடகத்தையே குழு தேர்ந்தெடுக்க ஆரம்பிக்கும். கண் என்பது இது: மேடையில் வெளிச்சம், கீழே இருட்டு. நடிகருக்குப் பார்வையாளர் தெரிவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பவர், தான் அங்கே இல்லாததுபோல எட்டிப் பார்க்கிறார். 1972இல் எழுதிய ‘ஸ்பார்ட்டகஸ்’ நாடகத்தைச் சதாப்தி ஓர் அறைக்குள், பார்வையாளர்களுக்கு நடுவே போட்டது. அடிமைகளாக நடித்தவர்களின் மூச்சும் வியர்வையும் ஒரு கை தூரத்தில் இருந்தன. பிறகு கல்கத்தாவின் கர்சன் பார்க்கில், திறந்த வெளியில் போட்டார்கள்.

போலந்தில் நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியின் அரங்கையும் அமெரிக்காவில் இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னரின் பயிற்சிகளையும் அவர் நேரில் பார்த்தவர். குரோட்டோவ்ஸ்கியின் எளிய அரங்கு, தேர்ந்தெடுத்த சிலருக்கான தவம். சர்க்காருக்கு எளிமை என்பது, யாரிடமும் காசு கேட்காமல் போடுவதற்கான வழி.

சினிமா இருக்கும்போது நாடகம் எதற்கு?

வெள்ளம், ரயில், போர்க்களம், அழும் கண்ணின் அண்மைக்காட்சி – இவற்றைச் சினிமா நன்றாகவே காட்டும். அதோடு போட்டி போட்டு மேடையில் மரமும் மாடிப்படியும் கட்டுவது வீண் என்பது சர்க்காரின் வாதம். நாடகத்திடம் மிஞ்சுவது ஒன்றுதான்: இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உயிரோடு இருப்பது. அந்த இருப்பில் நான்கு வழிப் பரிமாற்றம் நடக்கிறது என்றார். நடிகரிடமிருந்து பார்வையாளருக்கு, பார்வையாளரிடமிருந்து நடிகருக்கு, நடிகருக்கும் நடிகருக்கும், பார்வையாளருக்கும் பார்வையாளருக்கும். கடைசி வழியைத்தான் பலர் மறக்கிறார்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த தெருக்காரர் எந்த வரியில் தலை குனிந்தார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. இருட்டு அரங்கில் இது நடக்காது.

எனவே எதையாவது சேர்க்கலாமா, விடலாமா என்ற குழப்பம் வந்தால், இந்த நான்கு வழிகளில் எதையாவது அது அடைக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? எத்தனை பேர் நடிக்கலாம்?

ஆடுகளம் 20 அடிக்கு 20 அடி போதும். அதற்குக் குறைந்தால் எட்டுப் பேர் ஓட முடியாது. 30 அடியைத் தாண்டினால் இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கத்துக்குக் கேட்காது. நடிகர்கள் 6 முதல் 12 பேர். ஆறுக்குக் கீழே கோரஸ் (எல்லோரும் ஒரே குரலாகச் சேர்ந்து பேசுவது) கோரஸாகக் கேட்காது. பன்னிரண்டுக்கு மேல் வேனில் இடமிருக்காது, ஒத்திகைக்கு எல்லோரையும் ஒரே மாலையில் கூட்டவும் முடியாது.

பார்வையாளர்களை நாலு பக்கமும் உட்கார வையுங்கள். முதல் மூன்று வரிசை தரையில், அடுத்த இரண்டு வரிசை பெஞ்சில், அதற்குப் பின்னால் நிற்பவர்கள். இந்த அடுக்கில் 150 முதல் 200 பேர் வசதியாகப் பார்க்கலாம். 300ஐத் தாண்டினால் பின்வரிசை பேச ஆரம்பிக்கும். கூட்டம் அதிகம் என்றால் இரண்டு தடவை போடுங்கள். மைக் வைத்து ஒரு தடவையில் முடிக்காதீர்கள்.

நடிகர் உள்ளே வர நாலு மூலையிலும் மூன்றடி வழி விட வேண்டும். சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். கயிறு கட்டினால் ஓட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள். கூட்டம் சேரச் சேரச் சிறுவர்கள் உள்ளே நகர்ந்துகொண்டே வருவார்கள். தொடங்கும்போது 20 அடியாக இருந்த களம் பத்து நிமிடத்தில் 14 அடியாகிவிடும். விரட்டாதீர்கள். முதல் காட்சியிலேயே களத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் அசைவு ஒன்றை வைத்தால் அவர்களே பின்வாங்குவார்கள்.

‘மிச்சில்’ நாடகத்தில் உட்காரும் அமைப்பு வேறு மாதிரி என்கிறார்களே?

ஆமாம், அதுதான் அந்த நாடகத்தின் பாதி. ‘மிச்சில்’ (1974) என்றால் ஊர்வலம். ஒவ்வொரு நாளும் கொல்லப்படும் கோகா என்ற இளைஞன், வீட்டுக்குப் போகும் வழி தேடும் ஒரு கிழவர், ஓயாமல் கடந்துபோகும் ஊர்வலங்கள். பார்வையாளர்கள் தெருவோர வீடுகளைப் போல உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் நடிப்பு ஓடும். முடிவில் பார்வையாளர்களையும் கைபிடித்து ஊர்வலத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஓர் அறையில் 100 பேருக்கு இதை அமைக்க, நாலு பேர் உட்காரும் ஆறடி பெஞ்ச் 25 வேண்டும். முதுகோடு முதுகு சேர்த்து இரண்டிரண்டாகப் போட்டு, நடுவில் சந்து விடுங்கள். சந்தின் அகலம் குறைந்தது 3 அடி, திரும்பும் மூலைகளில் 4 அடி. இரண்டரை அடிச் சந்தில் கோரஸ் ஒற்றை வரிசையாகிவிடும். ஊர்வலம் ரேஷன் கடை வரிசைபோலத் தெரியும். பெஞ்சுகளின் கால்களைச் சணல் கயிற்றால் பிணைத்துவிடுங்கள். நடிகர் ஓடும்போது ஒரு பெஞ்ச் நகர்ந்தால் உட்கார்ந்திருப்பவருக்குப் பயம் வந்துவிடும், அதன் பிறகு அவர் நாடகத்தைப் பார்க்க மாட்டார், தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கைபிடித்து அழைக்கும் இடத்தில் இழுக்கக் கூடாது. கையை நீட்டி மூன்று எண்ணும் நேரம் காத்திருங்கள். வராவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். வயதானவரையும் கைக்குழந்தை வைத்திருப்பவரையும் கண்ணால் அழைத்தால் போதும்.

விளக்கும் மைக்கும் வேண்டாமா?

பகலில் போடுவதே சிறந்தது. மாலை நாலரை மணிக்குத் தொடங்கினால் வெயிலும் தணியும், வேலையிலிருந்து திரும்புகிறவர்களும் வருவார்கள். இருட்டில்தான் முடியுமென்றால் 50 வாட் எல்இடி ஃப்ளட் விளக்கு நாலு போதும். பத்தடி உயரத்தில், நாலு மூலையிலும், பார்வையாளர் முகத்திலும் வெளிச்சம் விழும்படி. அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணைக் குத்தாமல் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். பெட்ரோமாக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் இரைச்சல் மெதுவாகச் சொல்லும் வசனங்களைத் தின்றுவிடும்.

மைக் வேண்டாம். நடுவில் ஒரு மைக் நின்றால் ஆறு நடிகரும் அதைச் சுற்றியே நிற்பார்கள். நாலு பக்க அரங்கு அங்கேயே செத்துவிடும். திறந்த வெளியில், காற்று அதிகம் இல்லாத இடத்தில், பயிற்சி பெற்ற குரல் 30, 40 அடிக்குத் தெளிவாகக் கேட்கும். இடம் தேர்ந்தெடுக்கும்போது பின்னால் ஒரு சுவரோ கட்டடமோ இருப்பது நல்லது. குரலைத் திருப்பித் தரும். டீக்கடை ஸ்பீக்கர், பஸ் நிறுத்தம், தண்ணீர் மோட்டார் – மூன்றையும் நாடகம் போடும் அதே நேரத்துக்கு முந்தின நாள் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நடிப்பு தெரியாதவர்களை எப்படித் தயார்ப்படுத்துவது?

பத்து நாள், நாளுக்கு நாலு மணி நேரம். பிரதியை முதல் நாலு நாள் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எல்லோரும் தன் வசனம் எத்தனை என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் இரண்டு நாள் கூச்சம் போவதற்கு: ஓட்டம், சட்டென நிற்றல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் குரலைப் பின்தொடர்தல், வட்டத்தின் நடுவில் நின்று பின்பக்கமாகச் சாய மற்றவர்கள் தாங்குதல். தாங்கும் பயிற்சியில் வட்டம் நெருக்கமாக, தோளோடு தோள் இருக்க வேண்டும். எட்டுப் பேருக்குக் குறைவாகச் செய்யாதீர்கள்.

மூன்றாம், நாலாம் நாள் உடலால் உருவம் அமைப்பது. இருவர் எதிரெதிரே நின்று கண்ணாடிபோல ஒருவரை ஒருவர் பின்பற்றுவது. பிறகு ஆறு பேர் சேர்ந்து பத்து எண்ணுவதற்குள் ஒரு கிணறு, ஓர் ஆலமரம், ஓர் ஆபீஸ். செட் இல்லாத அரங்கில் செட் இவர்கள்தான். ஆபீஸ் அமைக்கச் சொன்னால் எல்லோரும் உட்கார்ந்து டைப் அடிப்பார்கள். யாராவது ஒருவர் மனுவோடு கவுன்டர் முன்னால் குனிந்து நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

ஐந்தாம், ஆறாம் நாள் குரல். கோரஸாகச் சேர்ந்து பேசும்போது தனியாகப் பேசும் வேகத்தில் முக்கால் பங்குதான் இருக்க வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தை ஒருவர் தீர்மானிக்க, மற்றவர்கள் அவர் தோள் ஏறுவதைப் பார்த்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கத்தினால் உயிரெழுத்து மட்டும் கேட்கும், மெய்யெழுத்து காற்றில் போய்விடும். ‘நிலம் எங்கே’ என்பது ‘இல எங்கே’ என்றுதான் பின்வரிசைக்குப் போய்ச் சேரும்.

மிச்சம் நாலு நாள் நாடகத்துக்கு. கடைசி நாளை உண்மையாகப் போடப்போகும் இடத்திலோ அதே அளவுள்ள மைதானத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதியை எப்படி உருவாக்குவது?

இரண்டு வழி. ஒன்று, ஒருவர் எழுதுவது. ‘போமா’ (1976) அப்படி எழுதப்பட்டதுதான், ஆனால் அதில் தொடர்ச்சியான கதை கிடையாது. சுந்தரவனத்து ஏழை உழவன் போமாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நடிகர்களுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான். பம்ப் செட் கடன், வேலையில்லாத் திண்டாட்டம், அணுகுண்டு, நகரத்துக் காதல் என்று காட்சிகள் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போகும். நகரத்தின் ஒவ்வொரு வசதிக்கும் அடியில் போமாவின் ரத்தம் இருக்கிறது என்பதுதான் கோத்துவைக்கும் நூல்.

இன்னொன்று, குழுவாகச் சேர்ந்து கட்டுவது. ‘பாசி கபர்’ (பழைய செய்தி) அப்படி வந்தது. 1855இல் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த சந்தால் பழங்குடியினரின் எழுச்சியைப் பற்றி உறுப்பினர்கள் தகவல் திரட்டினார்கள். அதன் பக்கத்தில் அன்றாடச் செய்தித்தாள் துணுக்குகளை வைத்தார்கள். இந்த முறையில் இறங்குகிற குழு, ஆளுக்கு ஐந்து துணுக்கு கொண்டுவரச் சொல்லலாம். பத்துப் பேருக்கு ஐம்பது. அவற்றில் உடலால் காட்ட முடிகிற பத்து, பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிட வேண்டும். வீச மனம் வராமல்தான் பல குழுக்களின் நாடகம் ஒன்றரை மணி நேரமாகிவிடுகிறது. திறந்தவெளிக்கு 35 முதல் 45 நிமிடம் அளவு. ஒரு வசனத்துக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். தெரிந்தே ஆக வேண்டிய தகவலை மூன்று தடவை, மூன்று திசை பார்த்துச் சொல்லுங்கள்.

வழக்கமாக எங்கே சறுக்குகிறது?

முதலாவது, முகம் ஒரே பக்கம் திரும்புவது. ஊர்ப் பெரியவருக்கு நாற்காலி போட்ட பக்கம் நடிகர்கள் தங்களை அறியாமலே திரும்பிவிடுவார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கை போடுவது இதனால்தான்.

இரண்டாவது, தொண்டை. ஒரே நாளில் மூன்று ஊரில் போட்டால் மூன்றாவதில் குரல் கம்மிவிடும். இரண்டு காட்சிக்கு நடுவே இரண்டு மணி நேரம் பேசாமல் இருப்பதும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும் உதவும். ஐஸ் போட்ட பானம் வேண்டாம்.

மூன்றாவது, பறை. கூட்டம் சேர்க்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வசனத்துக்கு அடியில் ஓட விட்டால் ஒரு சொல்லும் கேட்காது. வசனம் நிற்கும் இடத்தில் மட்டும் அடி விழ வேண்டும். தோல் இறுகச் சூடு காட்ட வேண்டுமென்பதால் வைக்கோலோ காகிதமோ கையோடு எடுத்துப் போங்கள். ஈரக் காற்று அடிக்கும் மாலையில் நாடகத்தின் நடுவிலேயே ஒலி தளர்ந்துவிடும்.

நாலாவதுதான் மோசமானது: கெட்டவனை அளவுக்கு மீறிக் கேலியாக நடிப்பது. தொப்பையும் மீசையும் வைத்த வட்டிக்காரரைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த ஊரின் வட்டிக்காரரும் சேர்ந்து சிரிப்பார், ஏனென்றால் அவர் அப்படி இல்லை. அவர் அன்பாகப் பேசி, வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் வந்து நிற்கும் ஆள். அப்படி நடியுங்கள். சிரிப்பு குறையும், அதுதான் வேண்டியது.

செலவு எவ்வளவு? டிக்கெட் போடலாமா?

உடைக்கு ஒரே நிறத்தில் பருத்தி ஜிப்பாவும் பேன்ட்டும். பொருளுக்கு நாலு மூங்கில் கழி, இரண்டு மீட்டர் நீளத் துணி நாலைந்து. துணி சேலையாகும், ஆறாகும், பாடையாகும். எல்லாம் ஒரு பையில் அடங்கும். பெரிய செலவு போக்குவரத்தும் சாப்பாடும்தான்.

நாடகத்தை விற்கக் கூடாது என்பதில் சர்க்கார் உறுதியாக இருந்தார். முடிந்ததும் துணி ஏந்துவார்கள், இஷ்டப்பட்டவர் போடலாம். ஒரு நடைமுறைக் குறிப்பு: நடித்தவர்களே, வியர்வையோடே, துணியை ஆளுக்கொரு முனை பிடித்துப் போக வேண்டும். அறிவிப்பு இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. வந்த தொகையை அங்கேயே எண்ணி எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு, மறைக்கக் கூடாது. சம்பளம் இல்லாததால் எல்லோரும் வேறு வேலையில் இருப்பார்கள்; கல்யாணம், இடமாற்றம் வந்தால் ஆள் போய்விடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பேர் தயாராக இருக்கட்டும். வேலையும் குடும்பமும் சுமக்கும் பெண்களுக்கு மாலை ஒத்திகை மிகப் பெரிய சுமை. நேரத்தை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யாத குழுவில் ஆறு மாதத்தில் ஆண்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

வீதி நாடகமும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. வீதி நாடகம் பெரும்பாலும் ஒரு கட்சியோ தொழிற்சங்கமோ நடத்தும் குறிப்பிட்ட போராட்டத்தோடு சேர்ந்து வரும். இன்றைய கோரிக்கையை இன்றே சொல்லும். 1973இல் டெல்லியில் தொடங்கிய ஜன நாட்டிய மஞ்ச் அதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் அரங்கு அறைக்குள்ளும் நடக்கும், நேரடிக் கோரிக்கை இல்லாமலும் நடக்கும், எந்தக் கட்சியையும் சாராது. பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு இன்னொரு கிளை. அதில் பார்வையாளரே எழுந்து வந்து நடிகரின் இடத்தை எடுத்து வேறு முடிவை நடித்துப் பார்க்கிறார்.

நாடகம் பார்த்து யாராவது மாறுவார்களா?

போவாலின் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் இதற்குச் சரியான பதில். பிரேசிலின் வடகிழக்கில் அவருடைய குழு, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கிகளை உயர்த்திப் பாடி முடித்தது. விர்ஜிலியோ என்ற உழவர் நெகிழ்ந்துபோய் வந்து, சாப்பிட்டுவிட்டு உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள், நிலத்தைப் பிடித்தவர்களை விரட்டலாம் என்றார். இவை மேடைத் துப்பாக்கி, சுடாது என்றார்கள் நடிகர்கள். பரவாயில்லை, எங்களிடம் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள் என்றார்கள். அப்படியென்றால் நீங்கள் சிந்துவோம் என்று பாடிய ரத்தம் எங்களுடையது, உங்களுடையது இல்லை என்று புரிந்துகொண்டார் விர்ஜிலியோ. தானே எடுக்கத் துணியாத ஆபத்தை மற்றவருக்கு உபதேசிக்கும் நாடகத்தைப் போவால் அன்றோடு விட்டார்.

சர்க்காரின் நாடகங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ‘போமா’ உழவனைப் பற்றியது. பேசுவதெல்லாம் நகரத்து மனசாட்சி. அது குறை என்பவர்கள் உண்டு. ஆனால் உழவனாக வேஷம் கட்டி அவன் குரலைத் தன் குரலாக்கிக்கொள்ளாமல், எனக்கு அவனைத் தெரியாது, ஆனால் நான் தின்பது அவன் சோறு என்று நிற்கும் இடம்தான் அதன் பலம்.

ஆக, நாடகத்திடம் எதிர்பார்க்கக் கூடியது என்ன? ஒரு ஊரில் எல்லோருக்கும் தனித்தனியாகத் தெரிந்த, யாரும் சேர்ந்து பேசாத ஒன்றை எல்லோர் முன்னாலும் வைக்கலாம். முக்கால் மணி நேரம், பட்டப்பகலில், பக்கத்துத் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க. அதன் பிறகு சங்கம் கட்டுவது, மனு எழுதுவது, வழக்குப் போடுவது எல்லாம் வேறு ஆட்களின் வேலை, வேறு மாதங்களின் வேலை. அந்த ஆட்கள் அந்த ஊரில் இருக்கிறார்களா என்று போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கலந்துரையாடல் வைக்க வேண்டுமா?

வைக்கலாம், 20 நிமிடம். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். நன்றாக இருந்தது என்பார்கள், முடிந்துவிடும். ‘இதில் எது இங்கே நடக்காது?’ என்று கேளுங்கள். தவறைத் திருத்த எல்லோருக்கும் ஆசை உண்டு, பேச்சு தானாக வரும். மைக்கை நீட்டியதுபோல ஒரே ஆள் பேச ஆரம்பித்தால், நடிகர்கள் பிரிந்துபோய் நாலு பக்கமும் உட்கார்ந்து தனித்தனியாகப் பேசட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா? ஆபத்து உண்டா?

நாடகங்களைத் தடுக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் 2018இல்தான் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டு சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. ஆனாலும் பொது இடத்தில் கூட்டம் சேர்வதால் காவல் நிலையத்துக்குக் கடிதம், பூங்கா என்றால் மாநகராட்சியிடமோ பஞ்சாயத்திடமோ அனுமதி என்பது நடைமுறை. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அதற்கான தனி அனுமதி தேவைப்படாது.

ஆபத்து உண்டு. 1974 ஜூலை 20 அன்று கர்சன் பார்க்கில் போலீஸ் நடவடிக்கையில் பிரவீர் தத்தா என்ற இளைஞர் இறந்தார். 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகிலுள்ள சாஹிபாபாதில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஜன நாட்டிய மஞ்சின் சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அவர் மனைவி மொலயஸ்ரீயும் குழுவும் ஜனவரி 4 அன்று அதே இடத்துக்குப் போய் நின்றுபோன நாடகத்தை நடத்தி முடித்தார்கள். உள்ளூர் ஆட்கள் இருவர் கூட இல்லாத இடத்தில் போடாதீர்கள். வண்டியைப் போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். குழுவில் ஒருவர் நடிக்காமல் கூட்டத்தின் பின்னால் நிற்கட்டும்.

தமிழ் நாடகத்துக்கும் சர்க்காருக்கும் என்ன தொடர்பு?

1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் அவர் பயிற்சிப் பட்டறை நடத்தினார். சபா நாடகங்களுக்கு வெளியே இயங்கிய சென்னைக் குழுக்களில் அதன் பாதிப்பு ஆழமானது. கோரஸ், வெற்றுக் களம், உடலாலான காட்சி – இன்று தமிழ் வீதி நாடகத்தில் இயல்பாகத் தெரியும் பலவற்றின் ஊற்றுகளில் அந்தப் பட்டறையும் ஒன்று.

அவருடைய நாடகத்தை இலவசமாகப் போட்டால் உரிமை கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு, அதாவது 2071 முடியும்வரை உரிமை அவருடைய வாரிசுகளிடம். மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரிடம் தனியாக.

எப்போது நாடகம் போடவே கூடாது?

ஊரில் சாவு விழுந்து காரியம் முடியாதபோது, அந்தச் சாவைப் பற்றி. ஒரு குடும்பத்தின் பிரச்சினையைப் பெயர் மாற்றிக் காட்டினால் போதும் என்று நினைக்கும்போது. ஊருக்கு முதல் நிமிடத்திலேயே யார் என்று தெரிந்துவிடும், நீங்கள் வண்டியேறிய பின் அந்தப் பெண் அங்கேதான் இருப்பாள். குழுவில் யாரும் அந்த ஊரில் ஒரு வேளை கூடச் சாப்பிட்டிராதபோது. தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பஞ்சாயத்துத் தலைவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்னும்போதும் வேண்டாம். முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.